சொட்டு மருந்து கன்னத்தில் வழிந்தால்: வரிசையை மாற்றுங்கள்

கண் களிம்பைக் கடைசியில் போடுங்கள். மாட்டுத்தாவணிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவுக்குக் களிம்பும், அதன்மேல் இரண்டு வகைச் சொட்டு மருந்தும் அடுத்தடுத்துப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கன்னத்தில் வழிவதும் தொண்டை கசப்பதும் அதனால்தான் இருக்கும்.

கீழ் இமைப் பையில் சுமார் 30 மைக்ரோலிட்டர்தான் நிற்கும். ஒரு சொட்டே 30 முதல் 50 வரை. அடுத்த சொட்டு முந்தியதைக் கழுவித் தள்ளிவிடும். களிம்பின் எண்ணெய்ப்பசை மேல் தண்ணி மருந்து ஒட்டவே ஒட்டாது. கசப்பு, மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கியதன் அடையாளம்.

இன்று ராத்திரி இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஒரே சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் 2 நிமிடம் அழுத்தவும். சிமிட்டக் கூடாது.
2. 5 நிமிடம் கழித்து அடுத்த மருந்து.
3. இன்னும் 10 நிமிடம் விட்டு, படுக்கும்போது களிம்பு. பார்வை மங்கும், அது சகஜம்.

கசப்பு குறைந்தால் அழுத்தும் இடம் சரி.

அதில் டிமோலால் (கண் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து) இருந்தால் கவனம்: கண்ணில் பட்டதும் கெட்டியாகும் ஜெல் வகை பொதுவாக நாளுக்கு ஒரு வேளை, சாதா வகை இரண்டு வேளை. கடையில் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.