நகல் சாவியில் கதவு திறக்கிறது, வண்டி கிளம்பவில்லை

வணக்கம் சார். ஸ்விஃப்ட் காரின் இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்து, தெருமுனைக் கடையில் நகல் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்டியதில் தப்பில்லை, அசல் சாவிக்குள் இருக்கும் குறியீட்டுச் சிப் இதில் இல்லை, அவ்வளவுதான். சாவி போடும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அந்தச் சிப்புக்கு மின்சாரம் ஊட்டிக் குறியீட்டைப் படிக்கிறது. பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது. ரிமோட் பேட்டரியை மாற்றியும் பயனில்லை.

மிச்சமிருக்கும் சாவி, ஆர்சி, அடையாள அட்டையோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். புதியதைப் பதியும்போதே தொலைந்ததைக் காரின் நினைவகத்திலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். அழித்தாலும் அது கதவைத் திறக்கும், எனவே காரில் பொருள் வைக்காதீர்கள்.

அப்புறம், இன்சூரன்ஸில் சாவிக்கான கூடுதல் காப்பீடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் செலவு செய்யும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். போலீஸ் புகார் நகல் கேட்கலாம்.