கைக்குழந்தைக்கு காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா (BERA) டெஸ்ட் எடுக்க ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது? சீக்கிரம் முடிக்க வழியே இல்லையா?

வழி இருக்கிறது. நான் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்), இந்தச் சோதனையை எடுப்பதுதான் என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சத்தம் காதில் விழுந்ததும் சுமார் 10 மில்லிசெகண்டுக்குள் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலையைத்தான் தேடுகிறோம். அது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, தூங்கும் குழந்தையின் மூளையும் கழுத்துத் தசைகளும் கிளப்பும் மின் இரைச்சலோ அதைவிடப் பல மடங்கு. அதனால் நொடிக்கு 27 வீதம் 2000 தடவை சத்தம் கொடுத்துச் சராசரி எடுப்பது வழக்கம், அதற்கே ஒன்றேகால் நிமிடம் போய்விடும். நான்கு அதிர்வெண், இரண்டு காது, மூன்று சத்த அளவு, ஒவ்வொன்றும் இரண்டு முறை என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு மணி நேரம் வந்துவிடும், அதுவும் குழந்தை நடுவில் விழிக்காமல் இருந்தால்!

சரி, சத்தத்தை இன்னும் வேகமாக அடுத்தடுத்துக் கொடுத்தால் என்ன? ஓரளவுக்கு மேல் போனால் நரம்பின் பதில் சிறுத்துத் தாமதமாகும், லாபம் கரைந்துவிடும். அலையையே பெரிதாக்குவதுதான் சரியான வழி என்பது என் கருத்து. ஏனென்றால் 4 மடங்கு நேரம் எடுத்தால்தான் இரைச்சல் பாதியாகும், அப்படியானால் அலை இரண்டு மடங்கானால் கால்வாசி நேரம் போதும்.

இங்கேதான் 'சிர்ப்' ஒலி வருகிறது. உள்காதின் நத்தைச் சுருளில் கீச்சு ஒலி தன் இடத்தை உடனே அடைந்துவிடும், கனத்த (தாழ்ந்த சுருதி) ஒலி சில மில்லிசெகண்ட் கழித்துத்தான் போய்ச் சேரும், ஆகவே எல்லாச் சுருதியும் ஒரே சமயத்தில் கிளம்பும் சாதாரண 'கிளிக்' கொடுத்தால் நரம்பிழைகள் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். சிர்ப்பில் கனத்த ஒலியை முதலில் அனுப்புவதால் எல்லாம் சேர்ந்து துடித்து அலை உயர்கிறது. மிகப் பலத்த சத்தத்தில் மட்டும் இந்தப் பலன் குறைந்துவிடும்.

2019இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொலோனென்கோவும் மேடாக்ஸும் இன்னொரு வழி காட்டினார்கள். ஐந்து அதிர்வெண்களை இரண்டு காதிலும் ஒரே சமயத்தில், சீரற்ற இடைவெளியில் கொடுத்து, பத்துப் பதில்களையும் பிறகு கணக்கில் பிரித்தெடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

மூன்று மாதத்துக்குள் கேட்கும் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவி மாட்டிவிட வேண்டும் என்பதுதான் இலக்கு. தூக்கம் கலைந்து இன்னொரு நாள் வரச் சொன்னால் அந்த நாட்கள் வீண். அதனால் போகும் இடத்தில் சிர்ப் வசதி உண்டா என்று முன்பே கேளுங்கள். அப்புறம், குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைக்காமல், வழியில் தூங்க விடாமல் கூட்டிப்போய், அங்கே பால் கொடுத்துத் தூங்க வையுங்கள்.