வேறு நாட்டின் ராணுவ உடை

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டான். இப்போது அங்குள்ள ராணுவத்தின் துணைப் படையில் சேரப்போவதாகச் சொல்கிறான். இன்னொரு நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று உறுதிமொழி எடுப்பவன் இனி எப்படி எங்கள் பிள்ளையாக இருப்பான்? பேரப்பிள்ளைகளும் நம் மொழியை மறந்துவிடுவார்களோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் மகன் எடுக்கவிருக்கும் முடிவு சரியா, தவறா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுப்பியிருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்ன ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியும். அவர் பெயர் கார்ல் ஷூர்ஸ். ஜெர்மனியில் பிறந்து, அகதியாக அமெரிக்கா சென்று, அந்நாட்டு ராணுவத்தில் தளபதியாகப் போரிட்டு, செனட்டராகவும் அமைச்சராகவும் இருந்து, 77 வயது வரை வாழ்ந்தவர்.

கொலோன் நகருக்கு அருகிலுள்ள லிப்லார் என்ற ஊரில் 1829-இல் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது 1848-ஆம் ஆண்டுப் புரட்சி வெடித்தது. மக்களாட்சி கேட்டுக் கிளர்ந்தவர்களோடு சேர்ந்த அவர், அடுத்த ஆண்டு ராஷ்டாட் கோட்டைக்குள், புரட்சியை ஒடுக்க வந்த பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் படைகளுடைய முற்றுகையில் சிக்கிக்கொண்டார். கோட்டை சரணடைந்த அன்று, பிடிபட்டால் மரண தண்டனைதான் என்பதை உணர்ந்து, இரண்டு தோழர்களோடு கழிவுநீர்க் கால்வாய்க்குள் இறங்கினார். மழைநீர் பெருகி வழியை அடைத்துவிடவே திரும்பி ஏறி, பிரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த ஒரு கொட்டகையின் பரணில், கீழே அவர்கள் பேசுவது காதில் விழும் தூரத்தில், பசியோடு மூச்சை அடக்கிப் படுத்துக் கிடந்தார். பிறகு மீண்டும் அதே கால்வாய் வழியாக ஊர்ந்து வெளியேறி, ரைன் நதியைக் கடந்து தப்பினார். அதோடு நிற்கவில்லை. 1850-இல் ரகசியமாக ஜெர்மனிக்குத் திரும்பி, ஷ்பாண்டாவ் சிறையில் அடைபட்டிருந்த தம் பேராசிரியர் கின்கெலை, ஒரு காவலரின் உதவியோடு கயிற்றில் இறக்கி மீட்டுச் சென்றார். 1852-இல் லண்டனில் ஹாம்பர்க்கைச் சேர்ந்த மார்கரெட்டே மேயரை மணந்து, அதே ஆண்டு செப்டம்பரில் அவரோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார்.

அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அகராதியை வைத்துக்கொண்டு நாளிதழ்களைப் படித்தார். நல்ல ஆங்கில உரைநடையை ஜெர்மனில் எழுதி, சில நாள் கழித்து அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்திக்கொண்டார். சில ஆண்டுகளிலேயே அடிமை முறைக்கு எதிராகவும் லிங்கனுக்கு ஆதரவாகவும் இரு மொழிகளிலும் மேடைகளில் முழங்கினார்.

அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் அவர் ஸ்பெயினுக்கான அமெரிக்கத் தூதராக நியமிக்கப்பட்டிருந்தார். அந்தப் பதவியை விட்டுவிட்டு வந்து 1862-இல் படையில் சேர்ந்தார். 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் போரில் அவருடைய படைப்பிரிவின் வலது பக்கம் பாதுகாப்பின்றி இருப்பதை அவர் மேலதிகாரியிடம் முன்கூட்டியே எச்சரித்தார்; அவர் பேச்சு எடுபடவில்லை. மாலையில் எதிரிப் படை அந்தப் பக்கமாகவே பாய்ந்தது. ஜெர்மானியக் குடியேறிகளோடு மற்றவர்களும் நிறையவே இருந்த அந்தப் படைப்பிரிவின் தோல்விக்கு, பத்திரிகைகள் ஜெர்மானியர்களைக் கோழைகள் என்று தூற்றின. உங்கள் மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஏதாவது உண்டென்றால் அது இதுதான்: எத்தனை விசுவாசமாக உழைத்தாலும், ஒரு சறுக்கல் வரும் நாளில் குடியேறியவனின் பிறப்பைச் சுட்டிக்காட்டுபவர்கள் இருப்பார்கள். ஷூர்ஸ் முறையான விசாரணை கேட்டார், அது கிடைக்கவில்லை. ஆனாலும் படையை விட்டுப் போகாமல், இரண்டே மாதத்தில் அதே போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் நின்றார்.

1872-இல் செனட்டில், ஜெர்மனியோடு போரிட்ட பிரான்சுக்கு அமெரிக்க அரசின் ஆயுதங்கள் விற்கப்பட்ட விவகாரத்தை அவர் கேள்வி கேட்டபோது, அவர் ஜெர்மானியர் என்பதே அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. அப்போது அவர் சொன்ன பதில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: என் நாடு, அது செய்வது சரியானாலும் தவறானாலும், சரியென்றால் அப்படியே காப்பாற்றப்பட வேண்டும், தவறென்றால் திருத்தப்பட வேண்டும். அமெரிக்காவை அவர் “என் நாடு” என்று உரிமையோடு சொன்னார். அதனால் பிறந்த நாடு அவருக்கு அந்நியமாகிவிடவில்லை. 1868-லேயே அவர் ஜெர்மனி சென்றபோது, அவர் எந்த அரசிடமிருந்து தப்பி ஓடினாரோ அந்த அரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் அவரை அழைத்து, சிறை மீட்புக் கதையை அவர் வாயாலேயே கேட்டார்.

இனி மொழிக்கு வருகிறேன். ஷூர்ஸ் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ஜெர்மனில்தான் இருந்தன. புது நாட்டின் மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டே வீட்டில் தாய்மொழியைக் காப்பாற்ற முடியும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மார்கரெட்டே 1856-இல் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் தம் மகளையும் உறவுக் குழந்தைகளையும் கூட்டி, ஜெர்மன் மொழியில் ஒரு மழலையர் பள்ளி நடத்தினார். அமெரிக்காவின் முதல் மழலையர் பள்ளி அதுவே என்று குறிப்பிடப்படுகிறது. முதுமையில் நினைவுக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தபோது, இளமைக் காலத்தை ஷூர்ஸ் ஜெர்மனில் எழுதினார்; அமெரிக்க வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதினார்.

ஒன்றை மட்டும் மறைக்க எனக்கு மனமில்லை. பூர்வகுடி மக்களின் விவகாரங்களையும் காடுகளையும் கவனிக்கும் அமைச்சராக அவர் இருந்தபோது, 1879-இல், பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்து வளர்த்த கார்லைல் பள்ளி அவருடைய ஒப்புதலோடு தொடங்கப்பட்டது. தம் வீட்டுக்கு வேண்டுமென்று நினைத்ததை அந்தக் குழந்தைகளுக்கு மறுத்தது பெரிய தவறு என்றே நான் கருதுகிறேன்.

குடும்பமும் நிறைய இழந்தது. போர், தேர்தல், பத்திரிகை என்று அவர் அலைந்த ஆண்டுகளில் மனைவி உடல்நலம் குன்றி, குழந்தைகளோடு ஐரோப்பாவில் நீண்ட காலம் தனியே தங்க நேர்ந்தது. ஒரு மகளைச் சின்னஞ்சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். 1876-இல் கடைசி மகன் பிறந்த சில நாட்களில் மார்கரெட்டே இறந்தார். 1906-இல் இறக்கும் வரை ஷூர்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கடைசியாகப் பிறந்த அந்த மகனையும் 1900-இல் அவர் இழந்தார்.

ஆகவே அம்மா, உறுதிமொழியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, வீட்டைப் பற்றி மகனிடம் பேசுங்கள். பயிற்சிக்கும் பணிக்கும் அவர் வெளியே போகும் மாதங்களில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், மருமகளுக்கு இதில் மனப்பூர்வமான சம்மதம் உண்டா என்று கேளுங்கள். மருமகளிடம் தனியாகவும் கேளுங்கள். உங்கள் உடல்நிலை இடம் கொடுத்தால், அந்த மாதங்களில் நீங்களே அங்கு போய் இருக்க முன்வாருங்கள். பேரப்பிள்ளைகளோடு தமிழில் பேசுவதற்கு அந்த வீட்டில் உங்களைவிடப் பொருத்தமானவர் யார் இருக்கிறார்கள்?