ரெண்டரிங் த்ரெட்டில் (திரையில் வரையும் வேலை ஓடும் தடம்) படங்களை ஏற்றினால் கேம் சிக்குகிறது, வேறு த்ரெட்டில் ஏற்றினால் கறுப்பாக வருகிறது. என்ன செய்வது?

நீங்கள் தனி ஆளாக, ஆண்ட்ராய்டில் ஓபன்ஜிஎல் இஎஸ் (போனில் ஜிபியு, அதாவது படம் வரையும் சிப், வழியாக வரைவதற்கான நிரல் இடைமுகம்) வைத்து நேரடியாக எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். யூனிட்டி மாதிரி ரெடிமேட் கேம் எஞ்சின் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை.

நான் காரைக்குடிக்காரன். செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் நடந்து பார்க்கிற மாதிரி சின்ன கேம் ஒன்று செய்து கொடுத்தேன். முகப்பைத் தாண்டி உள்ளே போனதும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை தெரிய வேண்டும். ரெண்டரிங் த்ரெட்டில் ஏற்றியபோது நிலைப்படியிலேயே கேம் நின்று நின்று போனது. வேலை கொடுத்த இடத்தில் ஒரு பெரியவர், "எல்லாத்தையும் பேக்ரவுண்ட் த்ரெட்ல தள்ளுங்க தம்பி" என்றார். ஒத்துவராது என்றேன், கேட்கவில்லை. சரி என்று தள்ளிக் காட்டினேன். சிக்கல் போனது, தரையும் போனது. ஒரே கறுப்பு.

காரணம் இதுதான். ஓபன்ஜிஎல் கான்டெக்ஸ்ட், அதாவது வரைவதற்கான நிலையை எல்லாம் வைத்திருப்பது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டிடம்தான் இருக்கும். வேறு த்ரெட்டிலிருந்து அழைத்தால் கேம் விழுந்துவிடாது. 'நோ கரன்ட் கான்டெக்ஸ்ட்' என்று லாகில் (ஆண்ட்ராய்டின் செய்திப் பதிவில்) ஒரு வரி வரும், அவ்வளவுதான். டெக்ஸ்ச்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) உருவாகாது, நிறத்தைக் கணக்கிடும் ஷேடருக்குக் கறுப்புதான் கிடைக்கும்.

ஆனால் ஃபைலைப் படிப்பதற்கும் ஜேபெக்கை டீகோட் செய்வதற்கும் (சுருக்கிய படத்தை விரிப்பதற்கும்) கான்டெக்ஸ்ட் தேவையே இல்லை. அதிக நேரம் தின்பது அவைதான். அவற்றை வேறு த்ரெட்டில் முடித்துவிட்டு, ஜிபியுவுக்கு அனுப்புவதை மட்டும் க்யூஇவென்ட் (ஜிஎல்சர்ஃபேஸ்வியூவில் உள்ள அழைப்பு) வழியாக ரெண்டரிங் த்ரெட்டிடம் கொடுங்கள். அதையும் மொத்தமாகக் கொட்ட வேண்டாம். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓட்டினால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லிநொடி. 2048க்கு 2048 ஆர்ஜிபிஏ படம் (புள்ளிக்கு மூன்று நிறமும் ஆல்பா எனும் ஒளிபுகும் அளவும், மொத்தம் 4 பைட்) 16 எம்பி. முதலில் காலி இடம் ஒதுக்கிவிட்டு, ஃப்ரேமுக்கு 256 வரிசை வீதம் அனுப்பினால் 8 ஃப்ரேமில் முடிந்துவிடும். அதே படம் ஜிபியு நேரடியாகப் படிக்கிற இடிசி2 என்ற சுருக்கிய வடிவில், ஆல்பா இல்லாமல், 2 எம்பிதான். டீகோட் வேலையும் மிச்சம். தரைக்கு எதற்கு ஆல்பா?

ஷேர்டு கான்டெக்ஸ்ட் (டெக்ஸ்ச்சர்களைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டாவது கான்டெக்ஸ்ட்) இருக்கிறதே, ஓபன்ஜிஎல்லுக்குப் பதிலான புதிய இடைமுகம் வல்கன் இருக்கிறதே என்று யாராவது வருவார்கள். தெரியும் ஐயா. விலை குறைந்த போனில் ஷேர்டு கான்டெக்ஸ்ட் போட்டும் எனக்குச் சிக்கியது. வல்கன் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இந்த ஒரு பிரச்சினைக்காக மொத்தத்தையும் திருப்பி எழுத யாருக்கு நேரம்?

உண்மையில் இதைவிடப் பெரிய தலைவலி தரையைப் படம் எடுப்பதுதான். ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள்! ஒரு சாவி சென்னையில், ஒன்று சிங்கப்பூரில். உள்ளூரில் இருப்பவரோ, "படம் புடிச்சுட்டுப் போயி தூணுக்கு வெல பேசவா?" என்கிறார். தூண்களும் நிலைகளும் பழம்பொருள் கடைக்குப் போவதைப் பார்த்தவர், அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. கேமை விட்டு வெளியே போய்த் திரும்பினால் கான்டெக்ஸ்ட் அழிந்திருக்கலாம். புதிய கான்டெக்ஸ்ட் உருவானதும் வரும் ஆன்சர்ஃபேஸ்கிரியேட்டட் அழைப்பு மறுபடி வந்தால் பழைய டெக்ஸ்ச்சர் எண்களைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுங்கள். முதலில் லாகில் அந்த 'நோ கரன்ட் கான்டெக்ஸ்ட்' வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் கறுப்புக்குக் காரணம் வேறு.