கோடை விடுமுறையில் குழந்தைகளோடு கொடைக்கானலில் நடை, சைக்கிள்: எப்படித் திட்டமிடுவது?

கிளம்பும் முன் இ-பாஸ் (வண்டியில் கொடைக்கானல் போக இணையத்தில் பெறும் அனுமதி) எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் ஏரிச் சாலையில் சைக்கிள் போதும். சுற்று சுமார் 5 கி.மீ., பெரும்பாலும் சமதளம். காலை 8 மணிக்குள் முடியுங்கள்; பிறகு வண்டி நெரிசல். வாடகை சைக்கிளில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி குழந்தையின் கால் தரையில் ஊன்ற வேண்டும்.

மறுநாள் பக்கத்துச் சிற்றூரான வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு நடை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். உற்சாகத்தில் ஓடி இறங்கும் பிள்ளைகள் திரும்பும்போது சோர்ந்துவிடுவார்கள். பாதித் தண்ணீரை ஏற்றத்துக்கு மிச்சம் வையுங்கள். மழை பெய்தால் மரவேர்கள் வழுக்கும், செருப்பு ஆகாது. நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். பாறை விளிம்பில் சிறுவர்களின் கையை விடவே கூடாது.