ஷிஸ்ர் வரை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஓமான் நாட்டின் தென்பகுதியான தோஃபாரில், ரப் அல் காலி என்னும் பெரும்பாலையின் விளிம்பில் ஷிஸ்ர் என்ற தொல்லியல் களம் இருக்கிறது. அந்தப் பாலையில் நில ஆய்வுக் குழுக்களுக்காக 19 ஆண்டுகள் வண்டி ஓட்டிவிட்டு, இப்போது தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் குமரி மாவட்டத்துக்காரர்களும் அவர்களுடைய வீட்டாரும் அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டவற்றுக்கு, நேரில் கண்டும் பட்டும் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கருங்கல்லைச் சேர்ந்த ஒருவர்: ஐயா, நான் ஸலாலாவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். டிசம்பரில் மனைவியும் பிள்ளைகளும் வருகிறார்கள். ஷிஸ்ருக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும். தோஃபாரின் தலைநகரான ஸலாலாவிலிருந்து வடக்கே மலையேறி இறங்கினால் சுமார் 80 கிலோமீட்டரில் தும்ரைத் என்ற ஊர் வரும். அதையும் தாண்டி வடக்கே போய், பிறகு மேற்கே திரும்பும் கிளைச்சாலையில் சென்றால் ஷிஸ்ர். ஒரு வழிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வருமுன் களத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ஸலாலா திரும்பிவிடலாம். தும்ரைத்தில் பெட்ரோல் டாங்கை நிரப்பாமல் மேலே போகாதீர்கள். பாதி டாங்க் இருந்தாலும் நிரப்புங்கள். நான் முதலில் போனபோது கிளைச்சாலை முழுவதும் சரளை மண்ணாக இருந்தது. இன்று ஷிஸ்ர் கிராமம் வரையில் கவனமாக ஓட்டுகிறவருக்குச் சாதாரணக் காரே போதும். அங்கிருந்து மணல்மேடுகளைப் பார்க்க மேற்கொண்டு போவதென்றால்தான் நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி கட்டாயம் வேண்டும்.

பிள்ளைகளிடம் வழியைக் கவனிக்கச் சொல்லுங்கள். தோவாளையின் பச்சையைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வெளியே போனதும் பணகுடிப் பக்கம் நிலம் எப்படிச் சட்டென்று வெளுத்து உலர்ந்துபோகிறதோ, அதே மாற்றம் ஸலாலாவுக்குப் பின்னால் உள்ள காரா மலையிலும் நடக்கிறது. நமக்கு ஆனி, ஆடியில் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஸலாலா மலையின் கடல்பக்கச் சரிவில் மூடுபனியையும் தூறலையும் இறக்கிவிட்டு, மறுபக்கத்துக்கு வெறுங்காற்றாகப் போய்ச் சேர்கிறது. அந்த மறுபக்கத்து வறண்ட மேட்டுநிலத்தை நெஜ்த் என்பார்கள். ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை மலைச்சாலையில் பனி அடர்ந்து முன்னால் போகும் வண்டியின் விளக்கே தெரியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் ஷிஸ்ர் பயணத்துக்கு ஏற்ற காலம்.

தோவாளையைச் சேர்ந்த கல்லூரி மாணவர்: அது மண்ணுக்குள் போன நகரம் என்கிறார்களே, அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பெரிய நகரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடிந்த கோட்டைச் சுவர்கள், கோபுரங்களின் அடிப்பகுதிகள், நடுவே வாய் பிளந்து கிடக்கும் ஒரு பெரும் பள்ளம், அதனடியில் பழைய நீர்நிலை, அவ்வளவுதான். இந்தப் பள்ளத்தில்தான் அந்த இடத்தின் கதை முழுவதும் இருக்கிறது. நாலா பக்கமும் நீரற்ற நிலத்தில் இந்த ஓரிடத்தில் வற்றாத ஊற்று இருந்ததால், புகைபோடும் நறுமணப் பிசினான குந்திரிக்கத்தை ஏற்றிய ஒட்டக வரிசைகள் இங்கே தங்கின. தங்கியதால் கோட்டை எழுந்தது. அந்தக் கோட்டை நின்ற சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் குகைபோன்ற வெற்றிடம் இருந்தது. நீர்மட்டம் இறங்க இறங்கப் பாறைக்கு இருந்த தாங்கல் குறைந்து, ஒரு கட்டத்தில் கோட்டையின் ஒரு பகுதி அப்படியே உள்ளே சரிந்துவிட்டது.

1984-இல் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து எடுத்த ரேடார் படங்களும் பிற செயற்கைக்கோள் படங்களும் தரையில் நிற்பவர் கண்ணுக்குப் படாத பழைய ஒட்டகத் தடங்களைக் காட்டின. அவற்றில் பல ஷிஸ்ரை நோக்கி வந்தன. 1990-களின் தொடக்கத்தில் ஜூரிஸ் சாரின்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் தலைமையில் அகழாய்வு நடந்தபோது, அரபுக் கதைகளில் வரும் தொலைந்த நகரமான உபார் கிடைத்துவிட்டதாக உலகம் முழுவதும் செய்தி பரவியது. சாரின்ஸே பின்னர் உபார் என்பது ஒரு நகரத்தின் பெயராக இல்லாமல் ஒரு பகுதியையும் அதன் மக்களையும் குறித்திருக்கலாம் என்றார். நானும் அதையே ஏற்கிறேன். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஷிஸ்ரையும், குந்திரிக்க மரங்கள் உள்ள வாதி தவ்கா, பழைய துறைமுகங்களான கோர் ரோரி, அல் பலீத் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நான்கையும் பார்த்தால்தான் ஷிஸ்ரின் முக்கியத்துவம் புரியும்.

தூத்தூரைச் சேர்ந்த கடலோடி: அண்ணாச்சி, நாங்கள் கரை தெரியாத கடலில் ஜிபிஎஸ் வைத்துத்தான் போய் வருகிறோம். பாலைவனத்தில் அது போதாதா?

ஆழ்கடலுக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது குறைவு. ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். கடலில் நேர்கோட்டில் போகலாம். பாலையில் ஜிபிஎஸ் காட்டும் நேர்கோட்டின் குறுக்கே ஓடை வெட்டிய கரையோ, புதைமணலோ, இரண்டு ஆள் உயர மணல்மேடோ இருக்கும். ஆகவே போகும் தடத்தைக் கருவியில் பதிவு செய்துகொண்டே போங்கள். சந்தேகம் வந்தால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். கைப்பேசியைக் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்தால் சூடேறி அணைந்துவிடும், சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

மற்றபடி கடலின் ஒழுங்குதான் இங்கும். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவரிடம் தெரிவித்துவிட்டே கிளம்ப வேண்டும். ஓமானில் அவசர உதவிக்கு 9999. வள்ளம் கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகாதே என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? பழுதாகி நின்ற வண்டியும் அப்படித்தான். தேடி வருகிறவர்களுக்கு வண்டி தூரத்திலேயே தெரியும், நடந்து போகும் மனிதன் தெரியமாட்டான். பாலையில் செத்தவர்களைப் பற்றி அங்கே நான் கேட்ட கதைகளில் பெரும்பாலானவை, வண்டியை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியவர்களின் கதைகளே.

மார்த்தாண்டத்தில் பட்டறை வைத்திருப்பவர்: மணலில் ஓட்டும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு, ஏன் என்று விளக்க முடியுமா?

தொழில் தெரிந்தவர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தார்ச்சாலையில் 35 பவுண்டு காற்றழுத்தம் இருக்கும் டயரை, வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த சரளைச் சாலையில் 25 அளவுக்கும், மென்மணலில் 15 முதல் 18 வரைக்கும் இறக்குவோம். ஒட்டகத்தின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் ஊன்றும்போது அது அகன்று பரவி, அத்தனை எடையையும் பங்கிட்டு வைக்கும். காற்று குறைந்த டயரும் அப்படித்தான் நீளவாக்கில் படிந்து, மணலைத் தோண்டாமல் மேலே மிதக்கிறது. ஆனால் அந்த நிலையில் சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்தவுடன் காற்றை ஏற்றாமல் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். அதனால் சிறிய கம்ப்ரஸரும், நம்பகமான காற்றளவு மானியும், ஒன்றுக்கு இரண்டு ஸ்டெப்னியும் வண்டியில் இருக்க வேண்டும்.

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுத்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க டயர் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும்; ஐந்து நிமிட வேலை ஐந்து மணி நேர வேலையாகிவிடும். இறங்கி, டயருக்கு முன்னால் உள்ள மணலைச் சரிவாக வாரி, காற்றை இன்னும் சிறிது இறக்கி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். மணல்மேடுகளில் ஓட்டக் காலை நேரமே நல்லது. இரவுக் குளிர்ச்சியில் மணல் இறுகியிருக்கும், நிழல் விழுவதால் சரிவும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். நண்பகலில் எல்லாம் ஒரே வெள்ளைத் தட்டையாகத் தோன்றும். மேட்டின் அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்குவது உச்சிக்குப் போன பிறகுதான் தெரியும்.

புத்தளத்தைச் சேர்ந்த ஒருவர்: சப்கா என்கிறார்களே, அது என்ன?

உங்கள் ஊர் உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் உப்பு ஏடு கட்டியிருக்கும்போது மேலே வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். காலை வைத்தால் அடியில் சேறு. மைல் கணக்கில் பரந்து கிடக்கும் அப்படிப்பட்ட உப்புச் சமவெளியே சப்கா.

1998-இல் ஒரு பிக்கப்பை அதில் இறக்கிவிட்டேன். முன்னால் போன வண்டியின் தடம் தெளிவாக இருந்ததால் அதை நம்பிப் போனேன். அந்தத் தடம் பல மாதங்களுக்கு முந்தையது என்பதைக் கவனிக்கவில்லை. அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது, முன்சக்கரங்கள் இரண்டும் அச்சு வரை போயின. இறங்கிப் பார்த்தபோது உடைந்த ஏட்டுக்கு அடியில் கரும்பழுப்பு நிறத்தில் ஈரக் களி, கையை விட்டால் மணிக்கட்டு வரை குளிர்ந்தது. பின்னால் கெட்டித் தரையில் குழி வெட்டி, ஸ்டெப்னியைச் சங்கிலியோடு புதைத்து, அதை நங்கூரமாக்கி, கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் விஞ்சால் இழுத்தோம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை மூன்று மணிக்குத்தான் வண்டி வெளியே வந்தது. உடன் இரண்டாவது வண்டி இருந்ததால் உயிர்ப்பயம் இல்லை. மணலுக்கோ சப்காவுக்கோ ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான். தரை நிறம் மாறிக் கருத்தால், ஈர மினுக்கம் தெரிந்தால், நிறுத்தி, இறங்கி, நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். ஸலாலாவிலிருந்து ஷிஸ்ர் கிராமம் வரை உள்ள சாலையில் இந்தத் தொல்லை கிடையாது.

குலசேகரத்தைச் சேர்ந்த ஒருவர்: இரவில் ஓட்டலாமா? தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

இரவில் வேண்டவே வேண்டாம். ஒட்டகங்கள் சாலையில் நிற்கும். கார் அதன் நெடிய கால்களைத் தட்டினால் முழு உடலும் முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பயணமானாலும் இரண்டு நாளைக்கு உள்ளது வண்டியில் இருக்கட்டும். ஒரே பெரிய கேனில் வைக்காதீர்கள். அது ஓட்டையானால் எல்லாம் போயிற்று.

நாகர்கோவிலைச் சேர்ந்த ஆசிரியை: ஐயா, அந்த நிலத்துக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டா? பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்கிறேன்.

உண்டு அம்மா, அதற்குச் சான்றும் இருக்கிறது. ஸலாலாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், தாக்கா ஊருக்கு அப்பால், கோர் ரோரி என்ற உப்பங்கழியின் கரையில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே இத்தாலிய ஆய்வுக் குழு 2006-இல் கண்டெடுத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு பெயர் கீறப்பட்டிருந்தது: ணந்தை கீரன். கடல் கடந்து போன ஒரு தமிழன் தன் பொருளில் தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான்.

கிரேக்க மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, மோஸ்கா என்ற ஒரு துறைமுகத்தைச் சொல்கிறது. அது இந்தச் சும்ஹுரமே என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. தமிழகத்திலிருந்தும் குஜராத்தின் பருகச்சத்திலிருந்தும் பருவம் தவறித் திரும்பும் கப்பல்கள் அங்கே குளிர்காலத்தைக் கழித்து, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் வாங்கின என்கிறது. அதே குறிப்புதான் குமரி முனையையும் சொல்கிறது: ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடி நோன்பிருந்தார்கள், ஒரு தேவி அங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று. நம் ஊரும் அந்தத் துறைமுகமும் ஒரே ஏட்டில் இருக்கின்றன என்பதை உங்கள் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். ஷிஸ்ர் போகிறவர்கள் மறுநாள் கோர் ரோரிக்கும் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அங்கே போகக் காரே போதும்.

முளகுமூட்டைச் சேர்ந்த ஒரு தாயார்: தம்பி, மகன் அங்கேதான் இருக்கிறான். கோயிலுக்குக் கொடுக்கக் குந்திரிக்கம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். நானும் பிப்ரவரியில் போகிறேன். அந்த மரத்தைப் பார்க்க முடியுமா? பழைய ஓட்டுத் துண்டு ஒன்று நினைவுக்கு எடுத்து வரலாமா?

மரத்தைத் தாராளமாகப் பார்க்கலாம் அம்மா. ஷிஸ்ர் போகும் வழியிலேயே, ஸலாலாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் வாதி தவ்கா இருக்கிறது. சாலையிலிருந்து சற்று இறங்கினால் பள்ளத்தாக்கு முழுவதும் குந்திரிக்க மரங்கள். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அடியிலிருந்தே கிளைத்து, காகிதம்போல் பட்டை உரிந்து நிற்கும். சிறு உளிபோன்ற கருவியால் பட்டையைச் சீவிவிட்டால் பால் கசிந்து, சில நாளில் மணிமணியாக உறைந்துவிடும். நம் நாட்டு மலைகளிலும் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு மரம் உண்டு. நெஜ்தின் வறண்ட நிலத்து மரங்களிலிருந்து வரும் ஹோஜரி வகைதான் மிக உயர்ந்தது என்பார்கள். வெளிறிய பச்சை சாயலோடு, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் துண்டுகளாகப் பார்த்து ஸலாலா சந்தையில் வாங்கச் சொல்லுங்கள்.

ஓட்டுத் துண்டை மட்டும் தொடாதீர்கள் அம்மா. ஓமான் சட்டப்படி அது குற்றம். அதைவிட, ணந்தை கீரனின் ஓடு கிடந்த இடத்திலேயே கிடந்ததால்தான் அது எந்தக் காலத்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. யாராவது முன்பே பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அந்தப் பெயர் நமக்குக் கிடைத்திருக்காது. மகனிடம் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாதி தவ்காவில் காலை வெயிலில் மரத்தடியில் நின்று எடுத்தால் பட்டையில் ஒட்டியிருக்கும் பால்மணிகள்கூடப் படத்தில் தெரியும்.