பழைய தாளில் பொம்மை ரோபோ: வாசகர் கேள்வி–பதில்

1950களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த பொம்மை ரோபோ விளம்பரங்களைத் தேடிச் சேர்ப்பதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். 26 வருடம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன் என்பதால், பொம்மையைவிட அந்த விளம்பரங்கள்தான் என்னை முதலில் இழுத்தன. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (மதுரை): அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் ‘கிரானிக்ளிங் அமெரிக்கா’ தளத்தில் ‘ரோபோட்’ என்று போட்டுத் தேடினேன். பக்கம் பக்கமாக வருகிறது. ஒரு பொம்மைகூடக் கண்ணில் படவில்லையே?

உங்களுக்கு வந்த பக்கங்களின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் 1944 ஆக இருக்கும். ஜெர்மனி லண்டன்மீது ஏவிய வி-1 பறக்கும் குண்டுகளை அன்றைய செய்தித்தாள்கள் ‘ரோபோட் பாம்’ என்றுதான் எழுதின. அந்த வருடத்துத் தலைப்புச் செய்திகளெல்லாம் உங்கள் வலையில் வந்து விழுகின்றன. விமானத்தைத் தானே ஓட்டும் கருவிக்கு ‘ரோபோட் பைலட்’ என்று பெயர். தென்னாப்பிரிக்கப் பத்திரிகை என்றால் போக்குவரத்து விளக்குக்கே ‘ரோபோட்’ என்று பெயர். இன்றும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதனால் முதலில் வருடத்தை 1950க்கு மேல் வையுங்கள். அடுத்து மாதம். அமெரிக்காவில் பொம்மை விளம்பரம் குவிவது கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் 24 வரை மட்டும் தேடினால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. சேகரிப்பவர்கள் வைத்த பெயரைக் கொண்டு தேடாதீர்கள். ஜப்பானின் மசுதாயா செய்த ஐந்து பெரிய தகர ரோபோக்களை இன்று எல்லோரும் ‘கேங் ஆஃப் ஃபைவ்’ என்கிறார்கள். அதில் ஒன்றுக்கு ‘லாவெண்டர் ரோபோ’ என்று நிறத்தை வைத்துப் பட்டப்பெயர். இதெல்லாம் பிற்காலத்துச் சேகரிப்பாளர்கள் வைத்தது. அன்று கடைக்காரர் விளம்பரத்தில் எப்படி இருக்கும்? நோமுரா கம்பெனி 1950களின் பிற்பகுதியில் செய்த ரோபோ, 1956ல் வந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தில் வரும் ராபி என்ற ரோபோவை அப்படியே உரித்து வைத்ததுபோல இருக்கும். ஆனால் அது விற்றது ‘மெக்கனைஸ்டு ரோபோட்’ என்ற பெயரில். ‘ராபி’ என்று தேடினால் சினிமா விளம்பரம்தான் கிடைக்கும். நடக்கும், பொறி பறக்கும், கண் எரியும், பேட்டரியில் ஓடும்: கடைக்காரர் எழுதியது இவற்றைத்தான். இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போடுங்கள். ‘மெக்கானிக்கல் மேன்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): விளம்பரத்தில் ‘ரோபோட்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தேடினால் அந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

கொட்டை எழுத்தாக இருப்பதால்தான். தாளின் படத்திலிருந்து கணினி படித்தெடுத்த எழுத்தில்தான் தேடல் நடக்கிறது. செய்திப் பத்தி முழுவதும் ஒரே அளவு, ஒரே முகம் கொண்ட எழுத்து. கணினிக்கு அதைப் படிப்பது சுலபம். விளம்பரத்தின் பெரிய தலைப்பு பல சமயம் எழுத்தே அல்ல. ஓவியர் சாய்த்தும் வளைத்தும் தூரிகையால் வரைந்து, படத்தோடு சேர்த்து பிளாக் (அச்சிடுவதற்கான உலோகத் தகடு) எடுத்தது. கணினி அதைப் படமாகவே எண்ணித் தாண்டிப் போகிறது. படித்தாலும் இரண்டு ‘ஓ’வையும் பூஜ்ஜியமாக்கிவிடும். மேலும் நாம் பார்ப்பது தாளிலிருந்து நேரடியாக எடுத்த படமல்ல, பெரும்பாலும் மைக்ரோஃபிலிமிலிருந்து (பக்கங்களைச் சிறிதாக்கிப் பதித்த படச்சுருள்) எடுத்தது. சாம்பல் நிறமெல்லாம் கறுப்பாகிப் போயிருக்கும்.

நான் செய்வது இது. விளம்பரத்தின் பொடி எழுத்துக்குப் போகிறேன். கடையின் பெயரும் வரைந்த பிளாக்தான், அதுவும் சிக்காது. ஆனால் அடியில் தெருப் பெயர், தொலைபேசி எண், எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதெல்லாம் ஈய எழுத்தில் கோத்தவை. ஒரு ஊரில் பொம்மை விற்ற கடையின் தெருவும் கதவு எண்ணும் ஒரு தடவை தெரிந்துவிட்டால், அந்தக் கடை டிசம்பர் முழுவதும் போட்ட விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம். இப்படிச் சிக்கியவைதான் என்னிடம் இருப்பதில் பாதிக்கு மேல்.

கேள்வி (தஞ்சாவூர்): ஒரே ரோபோ படம் மூன்று ஊர்ப் பத்திரிகைகளில், மூன்று கடைகளின் பெயரில், மூன்று விலையில் இருக்கிறது. யாராவது ஒட்டுவேலை செய்து இணையத்தில் விட்டிருக்கிறார்களா?

மூன்றும் அசல்தான். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பொம்மைக் கம்பெனியோ விளம்பரச் சேவையோ படத்தை ஒரு முறை வரைந்து பிளாக் எடுக்கும். அந்தப் பிளாக்கின் மேல் காகிதக்கூழ் அட்டையை வைத்து அழுத்தினால் படம் பள்ளமாகப் பதியும். இதற்கு ‘மேட்’ என்று பெயர். ஈயப் பிளாக்கைத் தபாலில் அனுப்பினால் எடைக்கே காசு போய்விடும். மேட் அட்டை கனமே இருக்காது, உறையில் போட்டு ஊர் ஊராக அனுப்பிவிடலாம். ஊர் அச்சகத்தில் அதன்மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றினால் பிளாக் கையில். விலைக்கும் கடைப் பெயருக்கும் இடம் காலியாக விட்டிருப்பார்கள். அதை அந்த ஊர் கம்பாசிட்டர் தன்னிடம் இருக்கும் எழுத்தில் கோத்துவிடுவார்.

ஐடியல் கம்பெனியின் ‘ராபர்ட் தி ரோபோட்’ விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1954ல் வந்த பொம்மை, 14 அங்குல உயரம், பிளாஸ்டிக். கையில் பிடிக்கும் கருவியைச் சுழற்றினால் கேபிள் வழியே ஓடும். முதுகில் இருக்கும் பிடியைச் சுற்றினால் பேசும். என்னிடம் இருக்கும் படத்தில் ரோபோவின் கோடுகள் எல்லாம் தலைமயிர் அளவில், கூராக இருக்கின்றன. பக்கத்தில் விலை எண் மட்டும் ஒரு நூல் கீழே இறங்கி நிற்கிறது. அதில் வரும் 9ன் வயிற்றில் மை அடைத்திருக்கிறது. தேய்ந்த எழுத்து. அவசரமாக, அநேகமாக ராத்திரி ஷிஃப்டில் யாரோ கோத்திருக்கிறார். அந்தக் கையை எனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. அந்த 9ஐ எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அதனால் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். படம் ஒன்றுதான், விலைதான் விஷயம். எந்த ஊரில் எவ்வளவு, கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க இறங்கியதா என்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

கேள்வி (திருநெல்வேலி): ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’ தளத்தில் 1955க்குப் பிறகு ஏன் ஒன்றும் வருவதில்லை?

பதிப்புரிமை காரணமாக அங்கே பெரும்பாலான பத்திரிகைகள் 1954ஓடு நிற்கின்றன. ரோபோ பொம்மைகள் சந்தைக்குப் பெருவாரியாக வரத் தொடங்கும் நேரத்தில் கதவு சாத்திக்கொள்கிறது. இரண்டு விதிவிலக்குகள் உண்டு: ‘தி கான்பெர்ரா டைம்ஸ்’ 1995 வரை, ‘தி ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி’ 1982 வரை. அங்கே விளம்பரத்தைத் தனிப் பிரிவாகப் பிரித்துத் தேடலாம். கணினி தப்பாகப் படித்ததை நாமே திருத்தவும் முடியும். திருத்திவிட்டு வாருங்கள், அடுத்து தேடுகிறவருக்கு உதவும்.

காங்கிரஸ் நூலகத் தொகுப்பு 1963 வரை போகிறது. ஐடியலின் ‘மிஸ்டர் மெஷின்’ 1960, அகப்படும். மார்க்ஸ் கம்பெனியின் ‘ராக் எம் சாக் எம்’ குத்துச்சண்டை ரோபோக்கள் 1964ல் வந்தவை, அவற்றுக்குக் கட்டணத் தளங்கள்தான்.

கேள்வி (சேலம்): பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டிய அசல் விளம்பரப் பக்கங்கள் ஏலத் தளங்களில் விற்பனைக்கு வருகின்றன. வாங்கலாமா?

நான் வாங்குவதில்லை. ஒரு முழு வருடத் தொகுப்பைப் பிரித்து, லாபம் தரும் பக்கங்களை மட்டும் உருவி எடுத்துவிட்டு, மீதியை எடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் காசு கொடுத்தால் அந்தக் கத்திக்குக் கூலி கொடுத்ததாகும். பக்கம் தனியே வந்துவிட்டால் எந்த ஊர், எந்தத் தேதி என்பதும் பல சமயம் போய்விடுகிறது.

தேதி விஷயத்தில் நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். தேட ஆரம்பித்த புதிதில், படத்தை மட்டும் வெட்டிச் சேமித்தேன். பத்திரிகை, தேதி, பக்க எண் எதையும் குறிக்கவில்லை. பிறகு இரண்டு மாதம் தேடி மற்றதையெல்லாம் மீட்டுவிட்டேன். ஒன்று மட்டும் இன்னும் அகப்படவில்லை. பெட்டித் தலை, இடது கை தூக்கியிருக்கும், நெஞ்சில் மூன்று வட்டமான அளவுமானிகள், கீழே 1 டாலர் 98 சென்ட், பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பொம்மை ரயில். தேடும்போது உங்கள் கண்ணில் பட்டால், ஊரையும் தேதியையும் குறித்து இந்தப் பகுதிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.